கட்டியே ஆகவேண்டிய தொகை

எளிமையாக வாழலாம் என்று முடிவெடுப்பவர்கள் முதலில் கை வைப்பது டீயில். அடுத்தது ஞாயிற்றுக்கிழமை மீன். அதற்கடுத்து, பிள்ளை கேட்ட பத்து ரூபாய் பலூன். இரண்டு மூன்று மாதம் வீட்டில் எல்லோரும் உர்ரென்று இருந்துவிட்டு, தீபாவளி நெருங்கும்போது வெறுத்துப்போய்த் தவணையில் 43 இஞ்ச் டிவி ஒன்றை எடுத்துவருவார்கள். மிச்சம் பிடித்ததும் போய், பதினெட்டு மாத டியூ புதிதாக வந்து உட்காரும்.

ஒரு குடும்பத்தைக் கட்டிப்போடுவது டீக்காசு இல்லை. வேலை இருந்தாலும் போனாலும், உடம்பு நன்றாக இருந்தாலும் படுத்துவிட்டாலும், மாதம் பிறந்தால் கட்டியே ஆகவேண்டிய தொகை ஒன்று இருக்கிறது. அதுதான் கட்டிப்போடுகிறது. அந்தத் தொகை பெரிதாக இருக்கும் மனிதர் சூப்பர்வைசர் கத்தும்போது வாயைத் திறக்க மாட்டார். பெண்ணுக்குக் காய்ச்சல் என்றாலும் ஓவர்டைம் பார்ப்பார். ராத்திரி ஒரு மணிக்கு விழித்துக்கொண்டு கூட்டிக் கழிப்பார். தியானம் செய்யச் சொன்னால், கண்ணை மூடியதும் அவருக்குத் தெரிவது ஐந்தாம் தேதிதான். மன விடுதலையைப் பற்றி எவ்வளவு உயர்வாகப் பேசினாலும், இந்தத் தொகையைத் தொடாமல் பேசுவதில் பயனில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

ஆகவே ஒரு வீடு எவ்வளவு சுதந்திரமாக இருக்கிறது என்று பார்க்க நான் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று. நாளைக்குச் சம்பளம் நின்றால், யாரிடமும் கை நீட்டாமல் எத்தனை மாதம் ஓட்ட முடியும்? பெரிய சம்பளக்காரர்கள் பலருக்கு இதற்குப் பதில் ஒரு மாதம்கூட வராது. ஊர் அவர்களை ஜெயித்தவர்கள் என்று சொல்லும்.

மேற்கொண்டு போவதற்குமுன் ஒன்று. வடசென்னையில் பல குடும்பங்களுக்கு எளிமை அவர்களாகத் தேர்ந்தெடுத்தது கிடையாது. லாரித் தண்ணீருக்குக் குடம் வைத்து நிற்பவரிடம் போய் ஆசையைக் குறையுங்கள் என்று சொல்வது அநியாயம். அவருக்கு வேண்டியது நல்ல கூலியும் குழாயில் தண்ணீரும். நாட்டின் முதல் முறையான தொழிற்சங்கமான சென்னை தொழிலாளர் சங்கம் 1918இல் பெரம்பூரில் பின்னி மில் தொழிலாளர்களிடையேதான் உருவானது. கூலிக்கும் ஓய்வுக்கும் குரல் கொடுப்பது எளிமையோடு எந்த விதத்திலும் முரண்படாது. பி அண்டு சி என்று அழைக்கப்பட்ட அதே பின்னி மில் 1996இல் மூடப்பட்டது. பர்மனென்ட் வேலை சாகும்வரை நிலைக்கும் என்று நம்பி இருபது வருடக் கடன் வாங்கக்கூடாது என்பதற்கு அந்தப் பூட்டிய கேட் ஒன்றே போதும்.

இனி கணக்கு. மாதம் 42,000 ரூபாய் வரும் ஒரு தண்டையார்பேட்டைக் குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். வாடகை 11,000. வண்டி டியூ 3,600. போனுக்கும் டிவிக்கும் சேர்த்து 2,400. தினமும் வந்து வசூலிக்கும் தண்டல் கடனுக்கு நாளுக்கு நூறு, ஆக 3,000. மகளிர் குழுக் கடன் 2,600. ஏலச்சீட்டு 5,000. அடகுக்கடையில் 60,000 ரூபாய்க்கு ரெண்டு ரூபா வட்டி, அது 1,200. பள்ளிக் கட்டணமும் வேனும் 4,000. கூட்டினால் 32,800. அரிசி, காய், மீன், கேஸ், கரண்ட், மருந்து, பஸ் எல்லாவற்றுக்கும் மிஞ்சுவது 9,200. டீயை நிறுத்தி மாதம் 600 மிச்சம் பிடித்தாலும் இந்த வீட்டில் எதுவும் மாறப்போவதில்லை.

முதல் வேலை இந்தப் பட்டியலை ஒரு பழைய நோட்டில், வீட்டில் சம்பாதிக்கும் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து எழுதுவது. பாதி வீடுகளில் வேலை இங்கேயே நின்றுவிடும், ஏனென்றால் மனைவிக்குத் தெரியாத தண்டலும் கணவனுக்குத் தெரியாத குழுக் கடனும் அப்போதுதான் வெளியே வரும். அன்றைக்குச் சண்டை போடாமல் எழுதி முடிப்பது முக்கியம். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் மூன்று விஷயங்கள் வேண்டும்: இன்னும் எவ்வளவு பாக்கி, எந்தத் தேதியில் முடிகிறது, வருட வட்டி எத்தனை சதவீதம்.

வட்டியைச் சதவீதத்தில் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. “ரெண்டு ரூபா வட்டி” என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு, அதாவது வருடம் 24 சதவீதம். மூணு ரூபா வட்டி 36. வண்டிக் கடனில் “பத்து பர்சென்ட் ஃபிளாட்” என்பார்கள். ஒரு லட்சம், 36 மாதம் என்றால் வட்டி 30,000, மாதம் 3,611. ஆனால் அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே போகிறது, வட்டியோ முழு லட்சத்துக்கும் கடைசிவரை போடப்படுகிறது. உண்மையான வட்டி 18 சதவீதத்தைத் தொடும். தண்டல் இன்னும் மோசம். பத்தாயிரம் என்று பேசி 1,500 பிடித்துக்கொண்டு கையில் 8,500 தருவார்கள். தினம் நூறு, நூறு நாள். பார்க்கச் சின்னத் தொகை. கணக்குப் போட்டால் மாதம் 10 சதவீதம், வருடத்துக்கு 120 வரும். 2003இல் வந்த தமிழ்நாடு அதீத வட்டி வசூல் தடைச் சட்டம் கந்துவட்டி, மீட்டர் வட்டியோடு தண்டலையும் பெயர் சொல்லித் தடை செய்திருக்கிறது. ஆனாலும் சாயங்காலம் ஆனால் கடைத்தெருவில் தண்டல் நோட்டு வந்துகொண்டுதான் இருக்கிறது.

எதை முதலில் அடைப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். வட்டி அதிகமாக இருப்பதை முதலில் அடை என்பது பொதுவிதி, ஆனால் தண்டலுக்கு அது பொருந்தாது. வட்டியை முதலிலேயே கழித்துவிட்டார்கள். நாற்பதாம் நாளே மொத்தமாகக் கட்டினாலும் ஒரு ரூபாய் குறையாது. அங்கே செய்ய வேண்டியது ஒன்றுதான், முடிகிற நாளில் திரும்ப எடுக்காமல் இருப்பது. எண்பதாவது நாள் வாக்கில் தண்டல்காரர் தானாகவே கேட்பார்: “அக்கா, இருபது நாள்தான் பாக்கி, அத்த புடிச்சிகினு புதுசு போட்டுக் குடுக்கட்டா?” சரி என்றால் பத்தாயிரத்தில் வட்டி 1,500, பழைய பாக்கி 2,000 போக, கையில் வருவது 6,500. பழைய பாக்கி இரண்டாயிரத்துக்கு இரண்டாம் முறை வட்டி கொடுத்தாயிற்று. வருடத்துக்கு நான்கு தடவை இப்படிப் புதுப்பித்தால் 6,000 ரூபாய் வட்டியாகவே போய்விடும். அந்த இருபது நாளைக் கடப்பதுதான் கஷ்டம். கடந்துவிட்டால், அதே நூறு ரூபாயைத் தினமும் எடுத்துவைக்கும் பழக்கம் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது. நூறு நாள் தொடர்ந்தால் பத்தாயிரம் கையில் நிற்கும், அடுத்த தண்டலுக்குத் தேவையே இருக்காது. நோட்டு அவருடையதாக இல்லாமல் நம்முடையதாக இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

அடகு நகை வேறு மாதிரி. அங்கே வட்டி நாளோடு ஏறுகிறது, எனவே எவ்வளவு சீக்கிரம் மீட்கிறோமோ அவ்வளவு மிச்சம். வைக்கும்போதே கவனிக்க வேண்டியது ஒன்று: செயின், வளையல், கம்மல் மூன்றையும் ஒரே சீட்டில் வைக்கக்கூடாது. தனித்தனிச் சீட்டாகக் கேட்டு வாங்க வேண்டும். ஒரே சீட்டு என்றால் 60,000 சேரும்வரை எதையும் மீட்க முடியாது, சேராமலே மூன்று வருடம் ஓடிவிடும். தனிச் சீட்டு என்றால் கம்மலின் 12,000 சேர்ந்ததும் கம்மல் வீட்டுக்கு வந்துவிடும். ஒரு நகை திரும்பி வந்தால் அடுத்ததை மீட்கும் தெம்பு தானாக வரும். பல கடைகளில் மாதம் முடிந்து ஒரு நாள் தாண்டினாலும் முழு மாத வட்டி போடுவார்கள், ஆகவே சீட்டில் உள்ள தேதியைப் பார்த்து அதற்குமுன் போக வேண்டும். வங்கி நகைக்கடன் இதில் பாதி வட்டிக்கும் குறைவாகக் கிடைக்கும். ஆனால் வருடக் கடைசியில் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைப்பதைப் பலர் வழக்கமாக்கிக்கொள்கிறார்கள். அசல் ஒரு ரூபாய்கூடக் குறையாது.

இப்படிப் பார்த்தால், நகையைச் சேமிப்பு என்று சொல்வதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். சேதாரம், செய்கூலி என்று கொடுத்தது விற்கும்போது திரும்ப வராது. மூன்று சதவீத ஜிஎஸ்டியும் வராது. போட்டுப் பார்க்கும் சந்தோஷத்துக்காக வாங்கினால் அந்தச் சந்தோஷத்தின் விலை அது என்று தெரிந்து வாங்கலாம். பக்கத்து வீட்டு கல்யாணத்தில் கழுத்து காலியாக இருக்கக்கூடாது என்பதற்காகக் கடனில் வாங்கி, அடுத்த மாதமே அடகுக்கடையில் வைப்பதை எந்தப் பெயரில் சேர்ப்பது?

சீட்டைப் பற்றிச் சுருக்கமாக. பதிவு பெற்ற சீட்டில் நடத்துபவரின் கமிஷன் 7 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று 2019 திருத்தம் சொல்கிறது. தெருச்சீட்டில் அந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. கடைசிவரை எடுக்காமல் இருப்பவருக்குத்தான் அது சேமிப்பு. மூன்றாம் மாதமே தள்ளுபடி கொடுத்து ஏலத்தில் எடுப்பவருக்கு அது கடன், அதுவும் கனமான கடன். கையில் ஓடும் சீட்டு முடியட்டும், புதிதாகச் சேர வேண்டாம். நடுவில் நிறுத்தினால் போட்டதும் போய், உறவும் போய்விடும்.

இந்த வரிசையில் போனால் நம் தண்டையார்பேட்டைக் குடும்பத்தின் 32,800 ஒன்றரை வருடத்தில் எங்கே நிற்கும்? தண்டல் நின்றால் 3,000, போன்–டிவி டியூ முடிந்தால் 2,400, சீட்டு முடிந்தால் 5,000, குழுக் கடன் முடிந்தால் 2,600, நகை மீண்டால் 1,200. மொத்தம் 14,200 குறையும். மிச்சம் 18,600. சம்பளம் ஒரு ரூபாய்கூட உயரவில்லை, வீட்டில் மீன் குழம்பும் நிற்கவில்லை. ஆனால் இந்த வீட்டு மனிதர் இனி ஒரு வேலையை வேண்டாம் என்று சொல்ல முடியும்.

அந்தத் துணிவு நிலைக்க, இந்தக் கட்டாயத் தொகையைப் போல மூன்று மடங்கு தனியாக இருக்க வேண்டும். 18,600க்கு 56,000 என்று வையுங்கள். அதைச் சம்பளக் கணக்கில் வைத்தால் நிற்காது. தபால் நிலையச் சேமிப்புக் கணக்கு 500 ரூபாயில் தொடங்கலாம், ஜிபேயில் இணைக்காமல் விட்டால் எடுக்க நேரில் போக வேண்டும். அந்த ஒரு நடை பல அவசரங்களை அவசரம் இல்லாமல் ஆக்கிவிடும். மகளிர் உரிமைத் தொகை வரும் வீடுகளில் அந்த ஆயிரத்தை மாதாமாதம் இதற்கே ஒதுக்கினால் வருடம் 12,000 சேரும்.

சேர்த்ததை ஒரே நாளில் கரைப்பது ஆஸ்பத்திரி. எளிமை என்று சொல்லி இன்சூரன்ஸை வெட்டுவதுதான் நான் பார்த்ததிலேயே ஆபத்தான சிக்கனம். வருட வருமானம் 1,20,000க்குள் இருந்தால் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம்வரை உண்டு. வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீஸில் பதிய வேண்டும், அதுவும் உடம்பு நன்றாக இருக்கும்போதே. மாதச் சம்பளம் 21,000க்குள் இருப்பவருக்கு ஈஎஸ்ஐ உண்டு, அயனாவரத்தில் பெரிய ஆஸ்பத்திரியே இருக்கிறது. வங்கிக் கணக்கு இருந்தால் வருடம் 436 ரூபாயில் 2 லட்சத்துக்கு ஆயுள் காப்பீடு, 20 ரூபாயில் 2 லட்சத்துக்கு விபத்துக் காப்பீடு. இரண்டுக்கும் மே மாதக் கடைசியில் கணக்கிலிருந்து பணம் எடுப்பார்கள். அன்றைக்கு இருப்பு இல்லையென்றால் காப்பீடு சத்தமில்லாமல் போய்விடும். மே 25ஆம் தேதி கணக்கில் 500 ரூபாய் இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு வேலையாகவே நோட்டில் இருக்கட்டும்.

ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போவது கௌரவக் குறைச்சல் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1782இல் பஞ்சத்தில் வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தின் வழியாக வளர்ந்த இடம் அது. பழைய வண்ணாரப்பேட்டைப் பெரியவர்கள் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். கை அறுவைச் சிகிச்சைக்கு நாடு முழுக்கப் பேர் வாங்கிய துறை அங்கே இருக்கிறது. காலையில் ஏழு மணிக்குப் போய் ஓபி சீட்டு எடுக்கும் பொறுமை வேண்டும், உடன் ஒருவர் வேண்டும். அது உண்மை. அந்தப் பொறுமைக்கு ஈடாக நாலு லட்சக் கடன் இல்லாமல் வீடு திரும்பலாம்.

இனி விசேஷங்கள். கடனில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது, மனசு அதிகம் சிக்குவதும் இங்கேதான். ஐந்நூறு பேருக்குச் சாப்பாடு, இலைக்கு 300 என்றாலே ஒன்றரை லட்சம். மண்டபம், மேடை அலங்காரம், வீடியோ, சீர், பத்திரிகை, ஃபிளெக்ஸ் என்று ஆறு லட்சத்தில் முடியும். மொய் இரண்டு லட்சம் வந்தது என்று வைத்தால் மிச்சம் நாலு லட்சம் கடன். ரெண்டு ரூபா வட்டியில் மாதம் 8,000, அசலைத் தொடாமலே. புதுமணத் தம்பதி வாழ்க்கையைத் தொடங்குவதே இந்த எட்டாயிரத்தோடு. திருவொற்றியூர் வடிவுடையம்மன் சந்நிதியிலோ கந்தகோட்டத்திலோ தாலி கட்டி, நெருங்கிய 120 பேருக்கு நல்ல சாப்பாடு போட்டால் சாப்பாட்டுச் செலவு 36,000. ஐயர் இல்லாமல், மாலை மாற்றிக்கொள்ளும் சுயமரியாதைத் திருமணமும் 1967ஆம் வருடச் சட்டத்திருத்தத்திலிருந்து தமிழ்நாட்டில் முழுமையாகச் செல்லும். எப்படிச் செய்தாலும் 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட வேண்டும். செலவைக் குறைப்பவர்கள் இந்தப் பதிவையும் விட்டுவிட்டுப் பின்னால் பாஸ்போர்ட்டுக்கு அலைவார்கள்.

120 பேர் பட்டியல் போடுவதில் ஒரு வழி உண்டு. கடந்த இரண்டு வருடத்தில் நம் வீட்டு வாசல் மிதித்தவர்கள், நாம் வாசல் மிதித்தவர்கள். இவர்கள் மட்டும். மற்றவர்களுக்குக் கல்யாணம் முடிந்தபின் நேரில் போய் இனிப்பு கொடுத்துச் சொல்லலாம். முன்கூட்டிச் சொல்லிக் கூப்பிடாமல் விட்டால்தான் மனத்தாங்கல்.

மொய்யை நிறுத்த நினைப்பவர்கள் வரிசையை மாற்றிச் செய்து கெட்ட பெயர் வாங்குகிறார்கள். மொய் என்பது எழுதிவைத்த கடன். நம் நோட்டில் அறுபது பேருக்குத் திருப்பிச் செய்ய வேண்டியது பாக்கி இருக்கும்போது “அன்பளிப்பைத் தவிர்க்கவும்” என்று பத்திரிகையில் போட்டால் தப்பிக்கப் பார்க்கிறான் என்பார்கள், அதில் நியாயமும் உண்டு. முதலில் பாக்கி முழுவதும் அவரவர் வீட்டு விசேஷத்தில் திரும்பட்டும். இதற்கு இரண்டு மூன்று வருடம்கூட ஆகலாம். நோட்டு காலியான பிறகு நம் வீட்டு விசேஷத்தில் வாங்காமல் இருக்கலாம். பிறகு யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

மஞ்சள் நீராட்டு விழாவைப் பற்றி என் கருத்தை ஒளிக்க விரும்பவில்லை. பன்னிரண்டு பதிமூன்று வயதுப் பெண்ணின் படத்தை ஆளுயர ஃபிளெக்ஸில் போட்டுத் தெருமுனையில் கட்டுவதற்குக் கடன் வாங்குவது, செலவு என்பதற்கும் மேலாக அந்தப் பெண்ணுக்குச் செய்யும் தவறு. அவளிடம் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். வீட்டோடு தாய்மாமன் வந்து புடவை கொடுத்து, புட்டும் உளுந்தங்களியும் செய்து போட்டால் சடங்கு குறைவதில்லை. அந்தப் பணம் அவள் படிப்புக்கு நிற்கும்.

இத்தனைக்கும் பின்னால் இருப்பது “நாலு பேர் என்ன சொல்லுவாங்க” என்ற பயம். இதற்கு நான் சொல்லும் பயிற்சி, அந்த நாலு பேரின் பெயரை நோட்டில் எழுதுவது. உண்மையான பெயர்கள். எழுதும்போதே தெரியும், முதல் இரண்டு பெயர் சட்டென்று வரும், மூன்றாவது யோசித்தால் வரும், நான்காவது வராது. பிறகு ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எழுத வேண்டும்: ராத்திரி இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்தால் இவர் வருவாரா? வருவார் என்று எழுதியவர்களில் பெரும்பாலோர், நம் வீட்டில் எத்தனை இஞ்ச் டிவி இருக்கிறது என்று கேட்கிறவர்களாக இருக்க மாட்டார்கள். பொறாமைக்கும் இதே நோட்டு உதவும். தம்பி மாதவரத்தில் ஃபிளாட் வாங்கிவிட்டான் என்று நெஞ்சு எரிந்தால், அதில் சரியாக எது வேண்டும் என்று எழுத வேண்டும். தனிக் கழிப்பறையா, தண்ணீர் வசதியா, மாமனார் முன்னால் மரியாதையா? முதல் இரண்டும் இருக்கிற வாடகை வீட்டை மாற்றினால் கிடைக்கும். மூன்றாவது இருபது வருட டியூ கட்டினாலும் கிடைக்கும் என்று உறுதி இல்லை.

வீடு என்றதும் லீஸ் ஞாபகம் வருகிறது. நாலைந்து லட்சம் மொத்தமாகக் கொடுத்து வாடகையே இல்லாமல் இருப்பது இந்தப் பக்கம் சகஜம், கட்டாயத் தொகையை ஒரே அடியில் குறைக்கும் வழியும்கூட. ஆனால் வீட்டுக்காரர் பணத்தைத் திருப்பித் தராமல் இழுத்தால் சேமிப்பு முழுவதும் சுவரில் மாட்டிக்கொள்ளும். வில்லங்கச் சான்று போட்டு அந்த வீட்டின் மேல் வங்கிக் கடன் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பத்திரம் பதிவாக வேண்டும். வெறும் இருபது ரூபாய் ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்து என்றால் வேண்டாம்.

வீட்டில் பொருள் குறைவாக இருப்பதன் அருமை வியாசர்பாடி, புளியந்தோப்பு, எண்ணூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் தண்ணீர் புகுந்தபோது தரைத்தள வீடுகளில் முதலில் போனது ஃப்ரிட்ஜும் மெத்தையும் பீரோவின் கீழ்த்தட்டும். தண்ணீரில் போன ஃப்ரிட்ஜுக்கும் டியூ நிற்காது. ஆகவே தரைத்தளத்தில் எதை வாங்கினாலும் ரொக்கத்தில் வாங்குவது, இரண்டடுக்குச் செங்கல் மேல் வைப்பது, பத்திரங்களையும் சான்றிதழ்களையும் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுப் பரணில் டிரங்குப் பெட்டியில் வைப்பது. கரண்ட் பில்லைப் பொறுத்தவரை, இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் முதல் யூனிட்டுகளுக்குக் கிடைக்கும் குறைந்த விலையும் போய்விடும். இரவெல்லாம் ஓடும் ஏசி ஒன்றே அந்தக் கோட்டைத் தாண்டவைக்கும். பழைய ஃபேன் 75 வாட், பிஎல்டிசி ஃபேன் 30 வாட் அளவு. நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஃபேனுக்கு 40 யூனிட் வித்தியாசம்.

ஒரு எச்சரிக்கை. எளிமை என்ற பெயரில் வாஷிங் மெஷினையும் கிரைண்டரையும் விற்றுவிட்டு, துவைப்பதையும் அரைப்பதையும் வீட்டுப் பெண் தலையில் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கணவனுக்கு எளிமை, மனைவிக்கு இடுப்புவலி. இடுப்பைக் காப்பாற்றும் இயந்திரம் எதுவும் ஆடம்பரம் கிடையாது. அந்த வேலையைத் தானே செய்வதாக ஆண் எழுதிக் கொடுத்தால் வேண்டுமானால் விற்கலாம்.

சாப்பாட்டில் சிக்கனம் என்பதைவிட ருசி தெரிவது என்று சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வஞ்சிரத்துக்கும் வவ்வாலுக்கும் போட்டி போடும்போது காசிமேட்டில் மத்தியும் காரப்பொடியும் நெத்திலியும் கானாங்கெளுத்தியும் மலிவாகக் கிடக்கும். ஏலத்தில் கூடையாக எடுத்து நான்கு வீடு பிரித்துக்கொள்வது இன்னும் மலிவு. மத்தி வாங்கும்போது வயிற்றைப் பார்க்க வேண்டும். கண் தெளிவாக, செவுள் சிவப்பாக இருந்தாலும் வயிறு தொளதொளவென்றோ வெடித்தோ இருந்தால் எடுக்கக்கூடாது. எண்ணெய் மிகுந்த மீன், சீக்கிரம் கெடும், அன்று காலையே உப்பும் மஞ்சளும் போட்டு அலசி மண்சட்டிக்குப் போய்விட வேண்டும். மாங்காய் நாலு துண்டு போட்டு இறக்கி, மறுநாள் காலை பழைய சோற்றுக்கு அதே குழம்பு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விலை ஏறும். அப்போது கருவாடும் முட்டையும் போதும். ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25 என்பதை வெட்கப்பட்டு விடுகிறவர்களும் இருக்கிறார்கள். நம் வரிப்பணத்தில் வருவதற்கு என்ன வெட்கம்.

பிள்ளைகள் படிப்பில் மட்டும் அவசரப்பட்டு முடிவெடுக்க வேண்டாம். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, உயர்கல்விக்கு மாதம் ஆயிரம் என்று இப்போது நல்ல காரணங்கள் உண்டு. ஆனாலும் பள்ளிக்குப் பள்ளி மாறும். வேலை நாளில் போய்க் கணக்கு ஆசிரியர் இருக்கிறாரா, பெண்கள் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று இரண்டையும் பார்த்துவிட்டு, பிள்ளையிடமும் கேட்டுவிட்டு மாற்றலாம். நம் கொள்கைக்காகப் பிள்ளை கூசிக்கொண்டு பள்ளிக்குப் போகக்கூடாது.

கட்டாயத் தொகை குறைந்ததும் மனசு தானாக அமைதியாகிவிடும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். முதல் சில மாதம் ஒரு வெறுமை இருக்கும். ஓடிக்கொண்டே இருந்த உடம்புக்குச் சும்மா இருக்கத் தெரியாது. அந்த நேரத்தில் கை போனுக்குப் போகும், போன் புதிய பொருளைக் காட்டும். இன்னொரு சறுக்கலும் உண்டு: நான் எளிமையானவன் என்ற பெருமை. தவணையில் வாங்கும் மச்சானைக் கேவலமாகப் பார்க்க ஆரம்பித்தால் போட்டி நிற்கவே இல்லை, ஆடும் ஆட்டம்தான் மாறியிருக்கிறது. இரண்டுக்கும் மருந்து, பணம் கேட்காத ஒன்றில் தினம் ஒரு மணி நேரம் உண்மையாக ஈடுபடுவது. இந்தப் பக்கத்தில் அதற்குக் குறைவில்லை. ராயபுரத்திலும் புதுவண்ணாரப்பேட்டையிலும் கேரம் கிளப்புகள், வியாசர்பாடியில் கால்பந்து, கிளை நூலகங்கள், திருவொற்றியூரில் கடலோரம் பட்டினத்தார் சமாதி. அவர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர். குடும்பஸ்தன் அப்படி விட வேண்டியதில்லை, அங்கே அரை மணி நேரம் போனை எடுக்காமல் உட்கார்ந்தால் போதும்.

கடைசியாக, கடன் இல்லாத வீட்டைத் தேடி வரும் ஆபத்து ஒன்று: ஜாமீன் கையெழுத்து. “உனக்குத்தான் லோன் எதுவும் இல்லையே மாமா, ஒரு கையெழுத்துதானே” என்று சொந்தத்தில் கேட்பார்கள். சட்டப்படி ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன்காரரின் பொறுப்புக்குச் சமம். அவர் கட்டாவிட்டால் வங்கி நேராக நம்மிடம் வரலாம், நம் சிபில் ஸ்கோரும் விழும். மறுப்பதற்குப் பொய்க்காரணம் தேட வேண்டாம், அடுத்த தடவை அந்தப் பொய் உடைந்துவிடும். “கையெழுத்து யாருக்கும் போடறதில்லைன்னு வீட்ல முடிவு பண்ணிட்டோம் மாப்ளே, என்னால முடிஞ்சது இந்த ஐயாயிரம், திருப்பித் தர வேணாம்” என்று சொல்லிக் கையில் கொடுக்கலாம். திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை என்ற அளவுக்கு உள்ள தொகையாக அது இருக்க வேண்டும். நோட்டில் அதைக் கடன் பக்கத்தில் எழுதாமல் செலவுப் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.